துடியான நாயும் சாதுவான நாயும்: வளர்ப்பவரின் அறம்

துடியான இளநாய் ஒன்றும் சாதுவான நாய் ஒன்றும் ஒரே வாசலில் வளரும்போது, வளர்ப்பவர் முன் அன்றாடம் ஒரு வழக்கு வந்து நிற்கிறது. இளநாய் ஓடிவந்து மோதுகிறது, காதைக் கவ்வுகிறது, முதுகில் ஏறுகிறது. மற்றது முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறுத்துக்கொள்கிறது. துள்ளுவது ஒன்றின் இயல்பு, ஒதுங்குவது மற்றதன் இயல்பு. இரண்டும் தத்தம் இயல்பின்படி நடந்தும் ஒன்று துன்பப்படுகிறது என்றால், அந்தத் துன்பம் யார் கணக்கில் சேரும்? வினை, இயல்பு, அறிவு, காப்பவன் கடமை என்று தமிழ்ச் சமயங்கள் நெடுங்காலம் பேசிவந்த பலவும் இந்தச் சிறிய வாசல் வழக்கைத் தொடுகின்றன.

கொங்கு நாட்டில் நாய் வளர்ப்பு தோட்டங்காட்டோடு சேர்ந்தது. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லும் வேலாமரமும் வளர, அவற்றினிடையே மாடுகளும் செம்மறிகளும் மேய்கின்றன. பட்டிக்கு ஒரு நாய், சாளைக்கு ஒரு நாய் என்று இருப்பது அங்கே சாதாரணம். மூத்த நாய்க்குப் பின்னால் சுற்றித்தான் புதுக்குட்டி காவல் பழகும். குட்டியின் தொல்லை தாங்காவிட்டால் மூத்தது எழுந்து கிணற்று மேட்டுக்கோ களத்துக்கு அப்பாலோ போய்ப் படுத்துக்கொள்ளும். ஏக்கர் கணக்கில் இடம் இருந்ததால் அங்கே யாரும் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோவை விரிந்தபோது இந்த நிலை மாறியது. வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி என்று தோட்டங்கள் மனைகளாகப் பிரிந்தன. நாயும் காம்பவுண்டுச் சுவருக்குள் வந்தது. இப்போது ஒரே போர்ட்டிகோவில் தெருவிலிருந்து எடுத்துவந்த நாட்டு நாயும் லேப்ரடார் போன்ற சீமை நாயும் சேர்ந்து படுக்கின்றன. தெற்கே வேட்டைக்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் முப்பதடி முற்றத்துக்குள் வளர்கின்றன. ஓட வேண்டியதற்கு ஓட இடமில்லை, ஒதுங்க வேண்டியதற்கு ஒதுங்க வழியில்லை. இந்த இரண்டாவது குறைதான் பெரிது. அதிலிருந்துதான் அறக் கேள்வி பிறக்கிறது.

நாய்களின் விளையாட்டுக்கு முறை உண்டு. முன்னங்கால்களைத் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டி ஒரு நாய் நின்றால், இனி வருவது விளையாட்டு என்று அது அறிவிக்கிறது. பெரிய நாய் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும், துரத்தியது துரத்தப்படும், மேலே இருந்தது கீழே விழுந்து கொடுக்கும். கடியின் அழுத்தத்தை அளவோடு வைக்கும் பழக்கத்தைக் குட்டிகள் உடன்பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு கற்கின்றன. பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையான காலத்தில் பெறும் பழக்கங்கள் ஆயுளுக்கும் நிற்பதை ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினர். பால் மறக்குமுன்பே தாயிடமிருந்து பிரித்து விற்கப்படும் குட்டி இந்தப் பாடத்தைத் தவறவிடுகிறது. ஆறு மாதம் ஆனதும் அதற்கு உடம்பு வளர்ந்துவிடும். ஒன்றரை, இரண்டு வயதுவரை அடக்கம் வராது. வளர்ப்பவர்கள் மிகவும் திணறுவது இந்தக் காலத்தில்தான்.

சாதுவான நாய் பேசும் மொழி மெல்லியது. அது உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், தலையைப் பக்கவாட்டில் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். வால் தாழ்ந்து கால்களுக்கிடையே போகும். சுவரோரம் நடக்கும். இளநாய் எழுந்தால் தானும் எழுந்து கதவருகே நிற்கும். தண்ணீர் குடிக்கப் போனது, வழியில் இளநாய் படுத்திருப்பதைக் கண்டு, குடிக்காமலே திரும்பிவிடும். மல்லாந்து வயிற்றைக் காட்டும்போது பார்ப்பவர்கள் விளையாடுகிறது என்று சிரிக்கிறார்கள். பல நேரங்களில் அது, போதும் விட்டுவிடு என்று கெஞ்சுவது. குரைத்தும் கடித்தும் சொல்லும் நாயின் துன்பம் உடனே கண்ணில் படுகிறது. சொல்லத் தெரியாததன் துன்பம் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

இளநாய் குற்றவாளியா? தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது விலங்குகளை ஐயறிவில் வைத்தது. மனம் என்னும் ஆறாவது அறிவு மனிதருக்குரியது என்பது அந்த வகுப்பின் பொதுநிலை. சைவ மரபில் உயிர் ஒன்றே. எண்பத்து நான்கு இலட்சம் பிறப்புகளில் அது எடுக்கும் உடம்புதான் வேறு. நாயுடம்பில் இருக்கும் உயிரும் ஈசன் அருளுக்கு உரியதே, அறிவு விளங்குவதற்கு அந்த உடம்பு தரும் கருவிகள் குறைவு, அவ்வளவுதான். மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்தி நாய் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது ஒருபக்கம் இருக்க, பைரவர் சந்நிதியில் அதே நாய் இறைவனின் ஊர்தியாக நிற்கிறது. சமணம் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. ஐம்பொறி உயிர்களுக்குள்ளேயே மனமுள்ளவை, மனமில்லாதவை என்று இரு பிரிவு வைத்து, நாய் போன்றவற்றை மனமுள்ளவற்றில் சேர்க்கிறது.

விலங்கு நடத்தையை ஆராய்ந்த மார்க் பெகாஃப், ஜெசிக்கா பியர்ஸ் என்ற மெய்யியலாளரோடு சேர்ந்து 2009-இல் எழுதிய நூலில், விலங்குகளின் விளையாட்டிலேயே நியாய உணர்வின் வேர் இருப்பதாக வாதிட்டார். ஏமாற்றி விளையாடும் நாயோடு மற்றவை சேராமல் விலகுவதை அவர் சான்றாகக் காட்டுகிறார். இந்தக் கருத்தை ஓரளவு ஏற்கலாம். நாய்க்கு விளையாட்டின் எல்லை தெரியும், எல்லை மீறியதும் ஓரளவு தெரியும். ஆனால் பிறிதொரு நாயின் நாளை, அதன் மூட்டுவலியை, அதன் தூக்கத்தை நினைத்துத் தன் ஆசையை இன்றைக்கு ஒத்திவைக்கும் விரதம் அதற்கு இல்லை. விரதம் எடுக்க முடியாத உயிரின்மேல் விரதம் தவறிய குற்றத்தைச் சுமத்த முடியாது.

இந்தக் கேள்விக்குக் கோவைக்குள்ளேயே ஒரு புராண விடை இருக்கிறது. நொய்யல் கரையில் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் தலபுராணம் காமதேனுவின் தவத்தைச் சொல்கிறது. புற்றுக்குள் இருந்த இலிங்கத்துக்குக் காமதேனு பாலைச் சொரிந்து வழிபட்டுவந்தது. அதன் கன்று பட்டி, துள்ளி விளையாடும்போது புற்றைக் காலால் உடைத்தது. கால் உள்ளே சிக்கிக்கொண்டது. குளம்பு இறைவன் திருமுடியில் பதிந்தது. தாய்ப்பசு பதறிக் கன்றை விடுவித்து, பெரும் பிழை நேர்ந்ததே என்று அழுதது. இறைவன் வெளிப்பட்டு, காஞ்சியில் உமையின் வளைத்தழும்பைத் தாம் ஏற்றதுபோல இந்தக் குளம்புச் சுவட்டையும் ஏற்பதாகச் சொல்லித் தேற்றினார். கன்றின் பெயரே இறைவன் பெயராயிற்று. கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணத்தில் விரித்துப் பாடிய இக்கதையைச் சொல்லி, இலிங்கத்தின் மேல் உள்ள குளம்புச் சுவட்டை இன்றும் அன்பர்களுக்குக் காட்டுகிறார்கள்.

கதை இரண்டு செய்திகளை ஒன்றாக வைக்கிறது. கன்றின் துள்ளலில் குற்றம் இல்லை என்பது ஒன்று. சுவடு மறையவில்லை என்பது மற்றொன்று. குற்றமில்லாத செயலும் படும் இடத்தில் காயம்தான். அந்தக் காயத்தை மனமுவந்து ஏற்றவர் இறைவன். ஏற்கவும் மறுக்கவும் வல்லவர் அவர். புற்றருகே கன்றைக் கவனிக்காமல் விட்டோமே என்று கலங்கியதும், ஓடிவந்து விடுவித்ததும் தாய். கன்றை யாரும் அடிக்கவில்லை, சபிக்கவில்லை. துன்பத்துக்குப் பொறுப்பேற்றது அறிவுள்ள உயிர். வாசலில் உள்ள இரண்டு நாய்களுக்கும் இந்த முறைதான் பொருந்தும். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. சாதுவான நாய் பட்டீசுவரர் இல்லை. தழும்பை ஏற்கிறேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே அதன் பொறுமையைப் பற்றித் தனியே யோசிக்க வேண்டும். திருக்குறள் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்துப் போற்றுகிறது. அங்கே போற்றப்படுவது, பதிலுக்குச் செய்ய வல்லவர் செய்யாமல் விடுவது. எழுந்துபோக இடமில்லாத முற்றத்தில், எதிர்க்கும் துணிவும் இல்லாத நாய் அசையாமல் கிடப்பதற்கு அந்தப் பெருமையைச் சூட்டினால், அது அதன் துன்பத்தைக் காணாமல் இருக்க நாம் செய்துகொள்ளும் வசதியாகிவிடும். "அது தங்கமான நாய்ங்க, என்ன பண்ணினாலும் ஒண்ணும் சொல்லாது" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த அன்பிலேயே ஒரு கவனக்குறைவு ஒளிந்திருக்கிறது. வள்ளலார் சீவகாருண்ய ஒழுக்கத்தில் உயிர்கள் படும் துன்பங்களை எண்ணும்போது பசி, தாகம், பிணி, கொலை இவற்றோடு பயத்தையும் சேர்த்தே எண்ணினார். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், விலங்குகளுக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட ஐந்து விடுதலைகளை எடுத்துரைத்தபோது, பசி, நோய் இவற்றிலிருந்து விடுதலையோடு அச்சத்திலிருந்து விடுதலையையும் சேர்த்தது. உடம்பில் ஒரு கீறலும் இல்லாத நாய் நாள் முழுதும் அஞ்சிக்கொண்டிருந்தால், அங்கே துன்பம் இல்லை என்று சொல்ல முடியாது.

பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கொங்கில் நெடுங்காலம் வேரூன்றியிருந்த சமணம் மிகத் தெளிவாகச் சொல்கிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் விசயமங்கலத்தில் சந்திரப்பிரபருக்கு எடுத்த பழைய கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரும் இவ்வட்டாரத்துச் சமணர் என்பர். அந்தச் சமயத்தின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரம், இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, கவனமின்மையால் ஓர் உயிருக்கு ஊறு நேர்வதையே இம்சை என்கிறது. கொடுமை செய்யும் எண்ணம் இருந்தால்தான் இம்சை என்று அது விட்டுவிடவில்லை. இந்த இலக்கணத்தை முற்றத்தில் வைத்துப் பார்த்தால், மோதும் இளநாயைக் காட்டிலும், மோதல் தெரிந்தும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரே இம்சைக்கு நெருங்கியவர்.

அதே நூல் இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு ஏற்படும் ஐந்து பழுதுகளைப் பட்டியலிடுகிறது. கட்டிப்போடுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் ஆகியவை அவை. ஐந்துமே தன் பொறுப்பில் இருக்கும் வாயில்லா உயிருக்கு ஒருவர் செய்யக்கூடியவை. இந்தப் பட்டியலைப் படித்தால், அதை எழுதியவர் மாட்டையும் நாயையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் என்றே தோன்றும். துடியான நாயை அடக்க வீடுகளில் முதலில் கையிலெடுக்கும் வழிகளில் மூன்று இதில் அடங்கிவிடுகின்றன: சங்கிலி, குச்சி, இன்றைக்குச் சோறு கிடையாது என்ற தண்டனை. அதே சமயத்தைச் சேர்ந்த யசோதர காவியக் கதையில் முற்பிறப்பில் மகனும் தாயுமாக இருந்தவர்கள் மயிலும் நாயுமாக ஒரே அரண்மனையில் வந்து சேர்கிறார்கள். நாய் மயிலைக் கொல்கிறது. கோபம் கொண்ட அரசன் நாயைக் கொல்கிறான். நாயின் செயல் பழவினையால் வந்தது என்று கதை விளக்குகிறது. அரசன் ஓங்கிய கையோ அறிவு இருந்தும் ஓங்கியது. பேரூரிலேயே பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாந்தலிங்க அடிகள் கொலை மறுத்தல் என்று ஒரு தனி நூல் எழுதியிருப்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம். உயிர்க்கொலையை மறுப்பது இந்த மண்ணில் சமண சைவ எல்லைகளைக் கடந்து நின்ற கவலை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. "அதுகளே பாத்துக்கும், நாம எதுக்கு நடுவுல?" என்பார்கள். இயற்கையில் மூத்தது உறுமும், தேவைப்பட்டால் ஒரு கடி கடிக்கும், இளையது அடங்கும். இது உண்மைதான். உறுமத் தெரிந்த மூத்த நாய் உறுமும்போது அதைத் திட்டி அடக்குவது பெரிய தவறு. எச்சரிக்கும் உரிமையைப் பறித்துவிட்டால், அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கும். ஆனால் உறுமாத நாய்க்கு இந்த வாதம் பயன்படாது. மேலும் இயற்கை என்று சொல்லும் அந்த ஏற்பாட்டில் விலகிப்போகும் வழியும் ஒரு பகுதி. தெருநாய் அடுத்த தெருவுக்குப் போகலாம், தோட்டத்து நாய் தென்னந்தோப்புக்குள் போகலாம். சுவரைக் கட்டியவர், கேட்டைப் பூட்டியவர், எந்த இரண்டு நாய்கள் சேர்ந்து வாழ வேண்டும் என்று முடிவு செய்தவர் மனிதர். இத்தனையும் செய்தபின் மீதியை மட்டும் இயற்கை பார்த்துக்கொள்ளட்டும் என்று விலகுவது சரியாகாது.

கொங்கின் பெருங்கதையான அண்ணமார் கதையும் சாந்தமும் துடிப்பும் சேர்ந்து வாழ்வதைத்தான் பாடுகிறது. மூத்தவர் பொன்னர் அமைதியானவர், இளையவர் சங்கர் மூர்க்கமான வீரர். உடுக்கடித்துப் பாடும் அந்தக் கதையைப் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960-களில் கொங்கில் தங்கி ஒலிப்பதிவு செய்தார். அதில் பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெண் நாய் வருகிறது. கொம்பன் என்னும் காட்டுப் பன்றியை வேட்டையாடப் புறப்படும்போது பெரிய வேட்டை நாய்கள் எல்லாம் போகின்றன, இதை மட்டும் ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். பொன்னாச்சி மனம் நோகிறது. அந்த மனவருத்தம் வீரர்களைத் தாக்குகிறது. அதை மதித்து அழைத்துவந்த பிறகே பன்றி விழுகிறது. ஆரவாரம் செய்யாத உயிரைக் கணக்கில் எடுக்காமல் விடுவது குற்றம், அந்தக் குற்றத்துக்குப் பலன் உண்டு என்று பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்திருக்கிறார்கள். நகரத்து வீட்டில் நடப்பதும் இதுவே. கவனமெல்லாம் சேட்டை செய்யும் நாய்க்குப் போகிறது. பயிற்சி, நடை, தின்பண்டம், பேச்சு எல்லாம் அதற்குத்தான். சாது நாய் தொல்லை தராததாலேயே மறக்கப்படுகிறது.

கடமை தெரிந்தபின் செய்முறை கடினமானதில்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் சாது நாய்க்குத் தப்பும் இடம் கொடுக்க வேண்டும். ஆட்டுப்பட்டிக்கு வைக்கும் படல் போல இடுப்பளவுத் தடுப்பு ஒன்றைத் திண்ணைக்கோ ஓர் அறைக்கோ வைத்து, அந்தப் பக்கம் இளநாய் ஒருபோதும் வராது என்ற உறுதியை ஏற்படுத்த வேண்டும். அந்த இடத்தில் அதற்குத் தண்ணீர், படுக்கை, குடும்பத்தார் வந்து உட்காரும் வழக்கம் எல்லாம் இருக்க வேண்டும். ஒதுக்கிவைத்த மூலையாக அது மாறிவிடக் கூடாது. சோறு தனித்தனி வட்டலில், ஒன்றன் கண்ணுக்கு மற்றது தெரியாத இடத்தில் வைக்கலாம். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் பிரித்தே வைப்பது நல்லது.

அடுத்தது இளநாயின் தெம்புக்கு வழி. அதைத் தனியாகக் காலையிலும் மாலையிலும் நடத்திக்கொண்டு போக வேண்டும். சித்திரை வெயிலில் தார்ச்சாலை பாதத்தைச் சுடும் என்பதால் விடியலிலேயே போவது நல்லது. ஓட்டத்தைக் காட்டிலும் மோந்து தேடும் வேலை நாயை அதிகமாகக் களைப்பாக்கும். கொஞ்சம் தீனியைப் புல்லுக்குள் இறைத்துவிட்டுத் தேடச் சொல்வதும், கடிக்க உறுதியான பொம்மை தருவதும் பாதி சேட்டையைக் குறைத்துவிடும். கூப்பிட்டால் விட்டுவிட்டு வருவது, சொன்னால் உட்காருவது, தன் பாயில் படுத்திருப்பது ஆகிய மூன்றும் பழகும்வரை வீட்டுக்குள் லேசான கயிறு ஒன்று கழுத்துப்பட்டையில் தொங்கட்டும். சாது நாயைக் கண்டும் அமைதியாக இருந்த நொடியில் தின்பண்டம் கிடைத்தால், அமைதி இலாபமானது என்று அது கற்றுக்கொள்ளும். மோதினால் கத்தாமல், கயிற்றைப் பிடித்து ஓரிரு நிமிடம் அப்பால் கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

விளையாட்டு இருவருக்கும் விருப்பமானதா என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. ஆட்டம் சூடேறும்போது இளநாயைப் பிடித்து நிறுத்த வேண்டும். விடுபட்ட சாது நாய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். திரும்பி வந்து முன்னங்காலைப் பதித்து அழைத்தால் ஆட்டம் தொடரலாம். உடம்பை உதறிக்கொண்டு விலகிப்போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பேசத் தெரியாத உயிரின் சம்மதத்தைக் கேட்பதற்கு இதைவிட நேர்மையான வழி இல்லை. முன்பு விளையாடிய நாய் திடீரென விலகத் தொடங்கினால் மூட்டு, பல், காது என ஏதாவது வலிக்கலாம். குணம் மாறிவிட்டது என்று முடிவு செய்யுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது முறை.

அடிப்பதைப் பற்றி மகாபாரதம் தன் தொடக்கத்திலேயே ஒரு கதை வைத்திருக்கிறது. ஜனமேஜயன் வேள்வி நடத்தும் இடத்துக்குத் தெய்வநாய் சரமையின் குட்டி வருகிறது. அரசனின் தம்பிகள் அதை அடிக்கிறார்கள். குட்டி அழுதுகொண்டு தாயிடம் போய், தான் அவிசைப் பார்க்கவும் இல்லை, நக்கவும் இல்லை என்கிறது. சரமை வந்து, குற்றம் செய்யாத என் குட்டியை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறது. அவர்களிடம் பதில் இல்லை. எதிர்பாராத நேரத்தில் உங்களுக்கு அச்சம் வரட்டும் என்று சபித்துவிட்டுப் போகிறது. அடிபட்ட நாய் அடியின் காரணத்தை அறிவதில்லை. சாது நாய் பக்கத்தில் வரும்போதெல்லாம் தனக்கு வலி வருகிறது என்று மட்டுமே அது கோத்துக்கொள்ளும். நேற்றுவரை விளையாட்டாக மோதியது, அதன்பின் பகையோடு மோதும்.

சங்கிலி தற்காலிகத் தடுப்பு என்ற அளவில் சரி. அதையே வாழ்க்கையாக்கினால் நாய் இன்னும் துடியாகும். 1952-இல் மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தூண்டுதலில் பிறந்தது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன் மூன்றாம் பிரிவு, ஒரு விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கும் தேவையற்ற துன்பத்தைத் தடுப்பதற்கும் தக்க நடவடிக்கை எல்லாம் எடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. பதினோராம் பிரிவு, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் விடுவதையும் குற்றமாக்குகிறது. சமண நூல் பழுதென்று எண்ணிய முதலாவது செயல் இருபதாம் நூற்றாண்டில் சட்டத்திலும் வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டையும் ஒன்றுபோல நடத்துவதே நியாயம் என்று நினைப்பவர்களுக்கு இதுவரை சொன்னது ஒருதலைப் பட்சமாகத் தோன்றலாம். ஒன்றுக்குக் கயிறு, மற்றதற்குத் திண்ணை. நடுவுநிலைமையைத் துலாக்கோலோடு ஒப்பிட்ட வள்ளுவரே, அருளுடைமை அதிகாரத்தின் இறுதியில், தன்னினும் மெலியவர்மேல் செல்லும்போது தன்னினும் வலியவர் முன் தான் நின்ற நிலையை நினைக்கச் சொல்கிறார். அந்த நினைவு இளநாய்க்கு வராது, அதன் சார்பில் வளர்ப்பவர்தான் நினைக்க வேண்டும். ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை நிறுவிய வேதாத்திரி மகரிஷி தம் இரண்டொழுக்கப் பண்பாட்டில், பிறருக்குத் துன்பம் தராதிருப்பதோடு துன்புறும் உயிர்களின் துன்பத்தைப் போக்குவதையும் இணையாக வைத்தார். முதலாவது மட்டும் போதும் என்றால் வளர்ப்பவர் யாரையும் அடிக்காமல் வேடிக்கை பார்த்தாலே கடமை முடிந்துவிடும். இரண்டாவது இருப்பதால்தான் அவர் எழுந்து நடுவில் போக வேண்டியிருக்கிறது. இளநாய்க்கும் இதில் இழப்பில்லை. ஓட்டம், வேலை, பயிற்சி என்று அதற்கு வேண்டியது கிடைக்கிறது. துலாக்கோல் நேராக நிற்க இரண்டு தட்டிலும் ஒரே பொருளை வைக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் சில இணைகள் சேராது. காயம் ஏற்படும் சண்டை திரும்பத் திரும்ப வந்தால், சாது நாய் உண்ண மறுத்தால், ஒன்றை வேறிடத்தில் வளர்க்கக் கொடுப்பது பாவம் ஆகாது. சேர்ந்து வாழ வைத்தே தீருவேன் என்பது வளர்ப்பவரின் பிடிவாதம், அதில் நாய்களுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆனால் ஊருக்கு வெளியே இரவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது வேறு. அப்படி விடப்படும் நாய்களும் சேர்ந்து பெருகும் கூட்டங்கள் என்ன செய்கின்றன என்பதைக் கொங்கு விவசாயிகள் அறிவார்கள். 2025-இன் தொடக்கத்தில் காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் பட்டிக்குள் புகுந்த தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றதால் அவர்கள் இழப்பீடு கேட்டுப் போராட வேண்டி வந்தது. ஒரு முற்றத்தின் சாது நாயைக் காப்பதாக எண்ணி, பட்டியில் அடைபட்ட செம்மறிகளின்மேல் அதே துன்பத்தை இறக்கிவிடுவது எந்தச் சமயக் கணக்கிலும் அருளாகாது.

கொடுப்பதென்றால் அந்த நாயின் தெம்புக்கு ஏற்ற இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆடு கோழி உள்ள தோட்டத்துக்குத் துரத்தும் பழக்கமுள்ள நாயைச் சொல்லாமல் தள்ளிவிடக் கூடாது. மோதும் பழக்கம், கடித்திருந்தால் அந்த விவரம், வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போட்டது, கருத்தடை ஆனதா என்பனவற்றை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். புதிய இடத்தில் ஒத்துவரவில்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்கும் கொடுக்க வேண்டும்.